விருந்தினர் அறையில் சார்லி சாப்ளின்!

புதுச்சேரியில் பல வீடுகளுக்கு ஒரு தனிப் பிரச்னை உண்டு. 1962ல் பிரெஞ்சு குடியுரிமையை வைத்துக் கொண்ட குடும்பங்களில் சிலர் இங்கே, சிலர் பிரான்சில். ஜூலை, ஆகஸ்டில் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்து இறங்குவார்கள். அவர்களுக்குத் தமிழ் வராது; ஆயாவுக்கு பிரெஞ்சு வராது. 'போன்ழூர்' சொன்னதோடு பேச்சு முடிந்தது. அப்புறம் பிள்ளைகள் செல்போனோடு, ஆயா திண்ணையோடு!

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். கொழுந்தனார் பிள்ளைகளுக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டும், ஒரு வார்த்தை பேச முடியாமல் என் மாமியார் கண் கலங்குவார். அதனால்தான், அவர்கள் தங்கும் தெருப்பக்க அறையை சார்லி சாப்ளின் அறையாக மாற்றினோம். பிரான்சில் அவருக்கு 'ஷார்லோ' என்று செல்லப் பெயர். பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆள். அத்தைக்கோ சின்ன வயதிலேயே பழக்கம்.

செலவு பெரிதாக இல்லை. கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட திரைச்சீலை, ஆணியில் பழைய தொப்பி, மூலையில் மாமனாரின் மூங்கில் கைத்தடி. தலையணை உறையில் நானே எம்ப்ராய்டரி போட்டேன். தோழியரே, மீசையை மட்டும் தைத்து விடாதீர்கள், ஹிட்லர் ஆகி விடும்! தொப்பியும் சேர்ந்தால்தான் சாப்ளின். (அந்த மீசையை வைத்தே 1940ல் ஹிட்லரைக் கிண்டல் செய்து, 'தி கிரேட் டிக்டேட்டர்' எடுத்தார் மனிதர்.) சுவரில், 1931ல் லண்டனில் காந்தியடிகளை அவர் சந்தித்த படத்தை பிரேம் போட்டு மாட்டினோம்.

அதே 1931ல்தான் தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது. ஊரெல்லாம் சினிமா பேச ஆரம்பித்து விட்ட அந்த நேரத்தில், இவர் வசனமே இல்லாமல் 'சிட்டி லைட்ஸ்' வெளியிட்டார். தன் நாடோடி வாய் திறந்தால் ஒரு பாஷைக்காரனாகி விடுவான், ஊமையாக இருந்தால் உலகத்துக்கே புரிவான் என்பது அவர் கணக்கு. எங்கள் வீட்டில் அந்தக் கணக்கு பலித்தது.

முதல் நாள் ராத்திரி, 'தி கோல்டு ரஷ்' (1925) போட்டோம். பசி தாங்காமல் ஷூவை வேக வைத்துத் தின்கிற காட்சி. (நிஜ ஷூ இல்லையாம், அதிமதுர மிட்டாயில் செய்தது.) "ஐயோ பாவம், ஆணியைக்கூட முள்ளு மாதிரி உறிஞ்சறானே!" என்று அத்தை வாய் விட்டுச் சிரிக்க, பிள்ளைகளும் ஆயா மடியில் சாய்ந்து கொண்டு ஒரே சிரிப்பு. மறுநாள் காலை சின்னவள் இரண்டு முள்கரண்டியில் பன்னைக் குத்தி மேஜை மேல் நடனமாட வைத்தாள். அத்தை விடுவாரா? இரண்டு இட்லியைக் குத்தி எதிர்நடனம்!

'தி கிட்' (1921) பார்த்த அன்றுதான் யாரும் சிரிக்கவில்லை. அநாதைக் குழந்தையை அதிகாரிகள் பிடுங்கிப் போகும் இடத்தில், அத்தை பெரியவனின் கையைப் பிடித்தவர், படம் முடிகிற வரை விடவே இல்லை. சாப்ளினே 7 வயதில் ஏழைகள் விடுதிக்குப் போனவர். அந்த அழுகை சும்மா வந்ததல்ல.

அடுத்த லீவுக்கு 'தி சர்க்கஸ்' (1928) எடுத்து வைத்திருக்கிறோம். சிங்கக் கூண்டுக்குள் மாட்டிக் கொள்ளும் காட்சி அதில்தான். அத்தை இன்னும் பார்க்கவில்லை. "பசங்க வரட்டும்" என்கிறார்.

- ஒரு வாசகி, புதுச்சேரி.