பத்தாயிரம் ஜன்னல்கள்

யூத வெறுப்பைப் பற்றிய பள்ளிப் பாடம் பெரும்பாலும் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமோடு முடிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குத் தொண்டை அடைக்கும். நாளைக்குத் தங்கள் வகுப்பில் ஒருவன் யூத மாணவியைச் சீண்டினால் என்ன செய்வதென்று மட்டும் தெரியாது. என்னைக் கேட்டால் பாடத்தை பில்லிங்ஸிலிருந்து தொடங்கலாம்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து ஊர் அது. யூதக் குடும்பங்கள் மிகக் குறைவு. 1993 டிசம்பர் 2 இரவு, யூதர்களின் ஹனுக்கா பண்டிகைக்கான மெனோரா விளக்கு தெரிந்த ஒரு ஜன்னலை உடைத்துக்கொண்டு கல் விழுந்தது. ஐந்து வயதுச் சிறுவனின் படுக்கையறை; நல்லவேளை, அவன் அங்கே இல்லை. பண்டிகை அடையாளங்களை எடுத்துவிடுங்கள் என்று போலீஸ் தரப்பில் யோசனை சொன்னார்கள். இதை மகனுக்கு எப்படி விளக்குவேன் என்று தாய் கேட்டது உள்ளூர் நாளிதழில் வந்தது.

அதைப் படித்த ஒரு கிறிஸ்தவப் பெண் தன் சபைப் போதகருக்கு போன் செய்தார். நாஜிகளை எதிர்த்து டென்மார்க் மன்னரே மஞ்சள் நட்சத்திரம் அணிந்தார் என்ற கதை அவர் மனதில் இருந்தது. அது வெறும் கதைதான். அந்த நாட்டு யூதர்களுக்கு நட்சத்திரம் அணியும் கட்டாயமே வரவில்லை. 1943 அக்டோபரில் டென்மார்க் மக்கள் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களைப் படகேற்றி ஸ்வீடனுக்குத் தப்பவைத்தது மட்டும் நிஜம். ஒரு கட்டுக்கதை இவ்வளவு நல்ல காரியம் செய்து நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் சொன்ன யோசனைப்படி ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் மெனோரா வரைந்தார்கள். நாளிதழ் முழுப் பக்கத்துக்கு ஒரு மெனோரா படத்தை அச்சிட்டது. அந்த மாதத்துக்குள் சுமார் 10,000 வீடுகளின் ஜன்னல்களில் மெனோரா தெரிந்தது.

சும்மா கிடைத்த வெற்றி இல்லை. படம் ஒட்டிய சர்ச்சுகளின் கண்ணாடிகள் உடைந்தன, வீட்டு வாசலில் நின்ற கார்களின் கண்ணாடிகள் நொறுங்கின. அதற்குப் பிறகுதான் இன்னும் பல ஜன்னல்களில் படம் ஏறியது.

பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் யாரும் 'தைரியமாக இரு' என்று சொல்லவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம். தைரியம் பக்கத்து வீட்டுக்காரர்களின் வேலையாக இருந்தது.

இன்றைய கல் போனில் வருகிறது. ஹிட்லர் மீம், யூத மூக்கு ஜோக், கூடவே நாலு சிரிப்பு எமோஜி. எதிரே ரவுடி நின்றால் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. ஆனால் பதினைந்து வயதுப் பையன் பயப்படுவது நண்பர்கள் குழுவிலிருந்து தன்னைத் தூக்கிவிடுவார்களோ என்றுதான். அதனால் அவனும் சிரிக்கிறான். என்னைத் தூங்கவிடாமல் செய்வது அந்தச் சிரிப்பு. இந்த ஜோக்குகளைக் கண்டிக்கப் போய் காஸாவைப் பற்றிப் பேசுவதையே தடுத்துவிடுவீர்கள் என்று சிலர் சொல்கிறார்கள். இஸ்ரேல் அரசைத் திட்டுவது வேறு, அதற்காக வகுப்புத் தோழியை வம்புக்கிழுப்பது வேறு. பிள்ளைகளுக்கு இது புரியும்.

மணிக்கணக்கில் வாதாட அவர்களைப் பழக்க வேண்டாம். "இதை அழிச்சிடுடா" என்ற ஒரு வரி போதும். அதைப் போடுவதற்கு முன் தன் பக்கம் பேச இன்னொரு நண்பனைத் தனியே கூப்பிட்டுத் தயார்செய்து கொள்ளட்டும். தனியாளைக் கிண்டலடித்து அடக்குவது சுலபம். பிறகு அந்தத் தோழிக்கு ஒரு போன்.