நீலக் காலிப்பருக்குப் பின்னால்

சக்கரத்தைக் கழற்றியதும் பளிச்சென்று தெரிந்தது நீலம்! பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் எம் ஸ்போர்ட் பிரேக். சாலையில் அலாய் வீல் இடுக்கில் கீற்றாக மட்டும் தெரியும், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் அந்தக் காலிப்பரை, சேலத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் லிஃப்டில் ஏற்றிய காருக்கு அடியில் நின்று, மூக்கு உரசும் தூரத்தில் பார்க்கக் கிடைத்தது. தொடப் போன என் கையை மெக்கானிக் தடுத்தார். “இன்னும் சூடு ஆறலைங்க சார். இப்பத்தான் ஏற்காட்டுல இருந்து இறங்கி வந்திருக்கு.”

அந்தச் சூட்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் சற்றுக் கீழே. 1,700 கிலோ எடையுள்ள வண்டி 1,200 மீட்டர் இறங்கும்போது விடுகிற ஆற்றல் ஏறக்குறைய ஐந்தரை யூனிட் மின்சாரம்! காற்றும் டயரும் இன்ஜினும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மீதி, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கால் மிதிக்க மிதிக்க, டிஸ்கில் சூடாகப் போய்ச் சேர்கிறது. நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறினால் வளைவுகள் 70. வேகக் கார் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டு மைதானம் ஏது? பில் எகிறுவதும் அங்கேதான்.

மெக்கானிக் காலிப்பரைக் கழற்றி, ஹோஸ் இழுபடாமல் ஒரு கொக்கியில் தொங்கவிட்டார். டிஸ்கைத் துடைத்து டார்ச் அடித்தார். விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு எண்: 28.4. புதிதில் இந்த டிஸ்க் 30 மில்லிமீட்டர் தடிமன். 28.4-க்குக் கீழே போய்விட்டால் கழற்றிப் போட்டுவிட வேண்டும் என்பது கம்பெனியே பொறித்து அனுப்பும் உத்தரவு. ஆக, இத்தனை காசு கொடுத்து வாங்கும் இரும்பில் நாம் தேய்த்துக்கொள்ளக் கிடைப்பது 1.6 மில்லிமீட்டர்! மைக்ரோமீட்டரை வைத்துத் திருகினார். 28.1.

கார்காரர் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டித் தொழில் செய்பவர். “ஏந்தம்பி, லேத்துல குடுத்து லேசாக் கடைஞ்சு போட்டா ஆவாதா?” என்றார். இந்த மண்ணில் எழக்கூடிய நியாயமான கேள்வி அது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லாரிப் பட்டறைகளில் பிரேக் டிரம்மைக் கடைசலுக்கு அனுப்பி, ஷூவில் புது லைனர் ரிவிட் அடித்து, வண்டியை மறுபடி லோடுக்கு விடுகிறார்கள். கனத்த டிரம் அதற்கு இடம் கொடுக்கும். “இதுல கடையறதுக்கு என்னங்கண்ணா மிச்சம் இருக்கு?” என்றார் மெக்கானிக். லாரி பிரேக்கையும் இந்த பிரேக்கையும் பிரிக்கிற கோடு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது பழுது பார்த்து ஓட்டும் பொருள். இது தேய்ந்ததும் தூக்கிப் போடும் பொருள். டிஸ்க் போனால் பேடும் சேர்ந்தே போகும், அதுவும் இடமும் வலமும் ஜோடியாக.

இன்னும் இருக்கிறது. பேடுக்குள் ஒரு மெல்லிய ஒயர், தேய்மானத்தைச் சொல்லும் சென்சார். முன்னால் இடது சக்கரத்தில் ஒன்று, பின்னால் வலதில் ஒன்று. டிஸ்கில் உரசி அறுந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். எரிந்தபின் புதிது வாங்க வேண்டும். பின்சக்கரத்தில் பார்க்கிங் பிரேக் மோட்டாரில் இயங்குகிறது. ஸ்கேனரை மாட்டி சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோனால் மோட்டார் ‘ஙொய்ய்ங்’ என்று பின்வாங்கி வழிவிடுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே இன்னொரு முறை போகலாம்! பிறகு பிரேக் ஆயில். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலை இறங்கும்போது ஆயில் கொதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சரி, எவ்வளவு? சின்ன ஹேட்ச்பேக் காருக்கு முன் பேட் சில ஆயிரத்தில் முடியும். இந்த ரகக் காருக்குப் பேட் மட்டுமே ஐந்திலக்கத்துக்குப் போகும். டிஸ்க் ஜோடியும் சேர்ந்தால் அரை லட்சத்தைத் தொடுவதும், நான்கு சக்கரமும் என்றால் லட்சத்தைத் தாண்டுவதும் சகஜம். 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி உதிரிபாகங்கள் அனைத்துக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு பலவற்றுக்கு 28. இன்னொரு வழியும் உண்டு. கார் கம்பெனி முத்திரை போட்ட பெட்டியை விட்டுவிட்டு, கார் கம்பெனிகளுக்கே பிரேக் செய்து கொடுக்கும் டெக்ஸ்டார், ஏடிஈ, ப்ரெம்போ போன்ற பெயர்களில் கேட்டால் விலை கணிசமாக இறங்கும். காரின் சேஸி நம்பரைக் கொடுத்துப் பொருத்தம் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

இதற்கும் மேலே ஓர் உலகம் இருக்கிறது. போர்ஷேயில் மஞ்சள் காலிப்பர் கண்ணில் பட்டால் நின்று பாருங்கள், உள்ளே இருப்பது கார்பன் செராமிக்! கார்பன் இழையில் சுமார் 1,700 டிகிரியில் சிலிக்கானை ஊட்டிச் செய்தது; எடை இரும்பு டிஸ்கில் பாதி, துருவே பிடிக்காது. புதுக் காரில் அதைக் கூடுதலாகக் கேட்டு வாங்கவே சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் சுமார் 9,000 டாலர் ஆனது. சக்கரம் கழற்றும்போது ரிம் தட்டினால்கூட ஓரம் பெயர்ந்துவிடும் என்று, வழிகாட்டிக் கம்பிகளைத் திருகி, அவற்றின் மேல் வழுக்கியே சக்கரத்தை வெளியே எடுக்கிறார்கள்.

புது டிஸ்கும் பேடும் மாட்டியபின், நீலக் காலிப்பர் மறுபடி ஏறியது. டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றது. கார்காரருக்குப் பொறுக்கவில்லை. “ஞாயித்துக்கெழம கொல்லிமலை போலாமா தம்பி?”

“மொதல்ல ஐந்நூறு கிலோமீட்டர் நிதானமா ஓட்டுங்கண்ணா, பேடு டிஸ்கோட சேந்து படியட்டும். எறங்கும்போது ஸ்டீயரிங் பின்னாடி இடது பேடில் ஷிஃப்டர அமுக்கிக் கியரக் கொறச்சுக்கங்க, பாதி வேலய இன்ஜின் பாத்துக்கும். அப்புறம் எழுபது வளைவையும் ஆசை தீர ஓட்டுங்க!”