வாசல் பனியை அள்ள ஏன் பொறுக்க வேணும்?

ஸ்ரௌவ்வில்லில் பனி கொட்டிய காலை. புரொஸ்டேட் சுரப்பியை அகற்றி மூன்று கிழமையான ஒருவருக்கு சவலைக் கண்டதும் கை துறுதுறுக்கும். வயிற்றில் தெரிவது நாலைந்து சின்னத் தழும்புகள்தானே! உள்ளே கதை வேறு. சுரப்பி இருந்த இடம் வெற்றிடமாகி, சிறுநீர்ப்பையின் வாயைச் சிறுநீர்க்குழாயோடு நேரே தைத்திருக்கிறார்கள். மூச்சை அடக்கி ஈரப்பனியைத் தூக்கினால் வயிற்றழுத்தம் தையலிலும் தழும்புகளிலும் இறங்கும். குடலிறக்கம் வரலாம், சிறுநீரும் கசியும். அதனால்தான் 4 முதல் 6 கிழமைக்குச் சுமார் 4.5 கிலோவுக்கு மேல் தூக்க விடுவதில்லை. ஒன்ராறியோ 4 லீற்றர் பால்பையே கிட்டத்தட்ட அவ்வளவு!

நடை மட்டும் உடனே தொடங்கும்: கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுவதால் நாளங்களில் இரத்தம் உறைவது குறையும். கணினி வேலைக்குப் பலர் 2 முதல் 4 கிழமையில் திரும்புவார்கள். வேர்ஹவுஸில் பெட்டி சுமப்பவர் இன்னும் பொறுக்க வேணும். சைக்கிளும் அப்படித்தான், இருக்கை அழுத்துவது தையலுக்கு நேர் கீழே.