விமான நிறுவனங்கள் இணையும்போது நமது மைல்கள் எங்கே போகின்றன?

2024 நவம்பர் 11ஆம் திகதியோடு இந்தியாவின் விஸ்தாரா விமான சேவை தன் சொந்தப் பெயரில் பறப்பதை நிறுத்திக்கொண்டது. மறுநாள் முதல் அதன் விமானங்களும் ஊழியர்களும் எயார் இந்தியாவுக்குள் போய்விட்டன. டாட்டா குழுமமும் சிங்கப்பூர் எயார்லைன்ஸும் கூட்டாக நடத்திய அந்த நிறுவனம் மும்பையிலிருந்து கொழும்புக்கும் வந்து போனது. எனவே அதன் ‘கிளப் விஸ்தாரா’ திட்டத்தில் புள்ளி சேர்த்தவர்கள் இந்தியாவில் மட்டும் இருக்கவில்லை.

அந்தப் புள்ளிகள் அழிந்துவிடவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் எயார் இந்தியாவின் ‘ஃபிளையிங் ரிட்டர்ன்ஸ்’ திட்டத்துக்கு மாற்றப்பட்டன. 2025இல் அந்தத் திட்டத்தின் பெயரும் ‘மகாராஜா கிளப்’ என்று மாறியது. ஒன்றுக்கு ஒன்று என்று கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கை ரூபாவும் ரூபாதான், இந்திய ரூபாவும் ரூபாதான், சென்னை தி. நகரில் போய் இரண்டையும் நீட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பழைய திட்டத்தில் ஓர் ஆசனத்துக்கு எத்தனை புள்ளி கேட்டார்கள், புதியதில் எத்தனை கேட்கிறார்கள் என்று பார்க்காமல் நட்டமா இலாபமா என்று சொல்ல முடியாது. இணைப்பு அறிவித்தலில் மாற்று விகிதத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். பரிசு ஆசனத்தின் விலைப் பட்டியலை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

இதெல்லாம் பணக்காரர்களின் கவலை, கீரிமலையில் இருக்கிற ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று யாரும் கேட்கலாம். பலாலி ஓடுபாதை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அதைவிட முக்கியமானது, வடக்கில் விமானச் சீட்டு ஓர் ஆடம்பரப் பொருளாக இருந்து எத்தனையோ காலமாகிவிட்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் மூத்தவர் புத்தளத்தில், ஒரு மகன் டோஹாவில், மகள் லண்டனில் என்று சிதறி இருப்பது புதினமல்ல. தமிழ்க் குடும்பங்களின் கதையும் அதுவே. ஊர்ப் பெயர்கள்தான் வேறு. வாப்பாவையும் உம்மாவையும் உம்ராவுக்கு அனுப்பவென்று பிள்ளை பல வருடமாக மைல் சேர்த்து வைக்கிறது. அந்த மைல் ஒரு நாள் பாதிப் பெறுமதியாகிவிட்டால், இழந்தது புள்ளியா, பயணமா?

இது இந்தியாவில் மட்டும் நடந்த விடயமுமல்ல. நம் நாட்டிலேயே ஒரு முறை நடந்திருக்கிறது, ஆனால் மறுபக்கமாக. 1998இல் எயார்லங்காவின் ஒரு பங்கை எமிரேட்ஸ் வாங்கி, பத்து வருடத்துக்கு முகாமைத்துவப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான் ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் என்ற பெயர் வந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்கைவர்ட்ஸ்’ இரண்டு நிறுவனங்களுக்கும் பொதுவான மைல் திட்டம். கொழும்பிலிருந்து எதில் பறந்தாலும் ஒரே கணக்கில் சேரும். பின்னர் 2007 டிசம்பரில், அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவின் குழுவினருக்கு லண்டனிலிருந்து திரும்ப ஆசனம் கிடைக்காமல் போன விவகாரம் வெடித்தது. நிறைவேற்று அதிகாரி பீட்டர் ஹில்லின் தொழில் வீசா ரத்தானது. 2008இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் எமிரேட்ஸ் முகாமைத்துவத்தை விட்டு விலகியது. ஸ்கைவர்ட்ஸ் எமிரேட்ஸோடு போனது. ஸ்ரீலங்கன் ‘ஃபிளைஸ்மைல்ஸ்’ என்று தன் சொந்தத் திட்டத்தைத் தொடங்கியது. தலைவர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான பிணக்கில் சாதாரணப் பயணியின் கணக்குப் புத்தகமும் இரண்டாகக் கிழிந்தது.

இன்னொன்று பலாலியோடு தொடர்புள்ளது. 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் வந்தபோது, அது எயார் இந்தியாவின் துணை நிறுவனம். கொரோனாவோடு சேவை நின்றது. 2022 டிசம்பரில் அதே அலையன்ஸ் எயார் திரும்பி வந்தபோது உறவு மாறியிருந்தது. அந்த வருட ஜனவரியில் எயார் இந்தியா டாட்டாவிடம் போக, அலையன்ஸ் எயார் அரசிடமே தங்கிவிட்டது. அதே சென்னை, அதே பலாலி, அதே இரட்டை விசிறி ஏடிஆர் விமானம். ஆனால் எயார் இந்தியாவின் வீட்டுப் பிள்ளை அல்ல. விமானத்தின் நிறத்தைப் பார்த்து அங்கத்துவ இலக்கத்தைக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடக் கிட்டிய உதாரணம் எனக்குத் தெரியாது. 2024 செப்டெம்பர் 1 முதல் அதே வழியில் இன்டிகோவும் பறக்கத் தொடங்கியது. அதற்கும் அந்த வருட இறுதியில் ‘புளூசிப்’ என்ற சொந்தத் திட்டம் வந்தது. இன்டிகோ பெரிய கூட்டணி எதிலும் இல்லை. சென்னைக்கு வருடத்தில் ஒரு முறை வைத்தியத்துக்குப் போகிறவர் அதற்காக ஒரு கணக்கைத் திறந்து வைத்துக் காத்திருப்பதில் பெரிய பலன் இல்லை என்பது என் அபிப்பிராயம். குறுகிய பயணத்தில் சேரும் புள்ளி குறைவு. மலிவான நாளில் சீட்டு எடுப்பதே அங்கே பெரிய சேமிப்பு.

சரி, பழைய திட்டத்தின் சலுகை குறைந்துவிட்டது, புதிதாக ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். பலர் முதலில் பார்ப்பது சேரும்போது கிடைக்கும் அன்பளிப்பு மைலை. நான் முதலில் பார்க்கச் சொல்வது காலாவதி விதியை. கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் ஒரு கணக்காகவே சொல்கிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். ஒருவர் வருடத்தில் ஒரு முறை ஊருக்கு வந்து போகிறார். ஒவ்வொரு முறையும் 4,000 மைல் சேர்கிறது. பரிசுச் சீட்டுக்கு 30,000 மைல் வேண்டும். எட்டு வருடத்தில் எட்டிவிடலாம் என்று மனம் சொல்லும். ஆனால் மைல் மூன்று வருடத்தில் காலாவதியாகும் திட்டமாக இருந்தால், நான்காவது வருடத்து 4,000 உள்ளே வரும்போது முதல் வருடத்து 4,000 வெளியே போகிறது. கணக்கில் 12,000க்கு மேல் ஒருபோதும் நிற்காது. ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போல. எட்டு வருடமல்ல, எண்பது வருடம் பறந்தாலும் அந்தச் சீட்டு கைக்கு வராது.

இந்த இடத்தில் திட்டத்துக்குத் திட்டம் வித்தியாசம் இருக்கிறது. எமிரேட்ஸின் ஸ்கைவர்ட்ஸில் மைல் சேர்த்ததிலிருந்து மூன்று வருடம், பிறந்த மாதத்தின் முடிவு வரை செல்லும். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் ‘கிரிஸ்ஃபிளையர்’ திட்டத்திலும் மூன்று வருடம். கட்டார் எயார்வேஸின் ‘பிரிவிலேஜ் கிளப்’ வேறு மாதிரி. அங்கே சேரும் ‘ஏவியோஸ்’ புள்ளிகளுக்கு 36 மாதம் என்பது கணக்கில் கடைசியாக நடந்த கொடுக்கல் வாங்கலிலிருந்து எண்ணப்படுகிறது. இடையில் சிறிதளவு புள்ளி சேர்ந்தாலும் செலவானாலும் முழுக் கணக்கும் மறுபடி மூன்று வருடத்துக்கு உயிர் பெறும். வருடத்தில் பத்து முறை பறக்கும் வியாபாரிக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. நம்மில் பெரும்பாலானோருக்கு இதுதான் எல்லாமே. ஸ்கைவர்ட்ஸிலும் பிரிவிலேஜ் கிளப்பிலும் குடும்பத்தவர்கள் புள்ளியை ஒரே இடத்தில் சேர்க்கும் வசதி உண்டு. ஐந்து பேருள்ள குடும்பம் ஊருக்கு வந்து போகும்போது ஐந்து கணக்குகளில் ஐந்து சிறு தொகைகள் தனித்தனியே செத்துப் போவதை அது தடுக்கும்.

இதற்கு அடுத்ததுதான் கூட்டணி. ஸ்ரீலங்கன் 2014 மே முதல் ‘வன்வேர்ல்ட்’ கூட்டணியில் இருக்கிறது. கட்டார் எயார்வேஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ், 2025இல் சேர்ந்த ஓமான் எயார் ஆகியவையும் அதிலேயே உள்ளன. இதன் பொருள், டோஹா வழியாக லண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வரும் ஒருவர் கட்டாரில் பறந்துகொண்டே அந்த மைலை ஃபிளைஸ்மைல்ஸ் கணக்கில் போடலாம், பிரிட்டிஷ் எயார்வேஸ் கணக்கிலும் போடலாம். எதில் பறக்கிறோம் என்பதும் எதில் சேர்க்கிறோம் என்பதும் இரண்டு வேறு தீர்மானங்கள். பிரிட்டிஷ் எயார்வேஸும் 2022 முதல் கட்டாரும் ஏவியோஸ் என்ற ஒரே புள்ளியைப் பயன்படுத்துவதால், அந்த இரண்டு கணக்குகளுக்கிடையே புள்ளியை மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. ஒரு நிறுவனம் நாளை விற்கப்பட்டாலோ இணைந்தாலோ பயணிக்கு இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும். ஸ்ரீலங்கனை விற்கும் பேச்சு எத்தனை முறை எழுந்து அடங்கியது என்பது நமக்குத் தெரியும்.

சவூதியா வேறு வீடு. அது 2012 முதல் ‘ஸ்கைடீம்’ கூட்டணியில் இருக்கிறது. எமிரேட்ஸும் எதிஹாட்டும் எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. எயார் இந்தியா, சிங்கப்பூர், துருக்கி எயார்லைன்ஸ் ஆகியவை ‘ஸ்டார் அலையன்ஸ்’ பக்கம். விஸ்தாரா எந்தக் கூட்டணியிலும் இருந்ததில்லை. ஆகவே அதன் அங்கத்தவர்கள் இணைப்பினால் ஸ்டார் அலையன்ஸ் வலையமைப்பைப் பெற்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அடிக்கடி சிங்கப்பூருக்கோ இஸ்தான்புல்லுக்கோ போகிறவருக்கு அது இலாபம். பழைய நிறுவனத்தின் சாப்பாட்டுக்கும் உபசரிப்புக்கும் ஆசைப்பட்டு அதில் இருந்தவருக்கு அதனால் ஒன்றுமில்லை.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். முன்பு மைல் என்றால் மைல்தான், தூரத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். இப்போது பல நிறுவனங்கள் சீட்டுக்குக் கொடுத்த பணத்தை வைத்துக் கணக்கிடுகின்றன. இணைப்புக்குச் சில மாதங்கள் முன்பு, 2024 ஏப்ரலில், எயார் இந்தியாவும் அப்படி மாறியது. இந்த முறையில் மலிவுச் சீட்டுத் தேடி ஆறு மாதம் முன்பே பதிவு செய்யும் குடும்பத்துக்குக் குறைவாகவும், கம்பனிப் பணத்தில் கடைசி நேரச் சீட்டு எடுப்பவருக்கு அதிகமாகவும் புள்ளி போகும். ‘விசுவாசத்துக்குப் பரிசு’ என்று அதற்குப் பெயர்.

மைலுக்காக வங்கிக் கடனட்டை எடுப்பது பற்றியும் கேட்கிறார்கள். மாத முடிவில் முழுத் தொகையையும் கட்ட முடியாவிட்டால், அந்த மைலின் விலை வட்டியாக வெளியே போகும். மார்க்க ரீதியில் வட்டியைத் தவிர்ப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தவிர்க்காதவர்களுக்கும் அந்தக் கணக்கு நட்டக் கணக்குத்தான். கடனட்டையில் சேர்த்ததற்கு இன்னொரு பலவீனமும் உண்டு. தென்கொரியாவில் கொரியன் எயார், ஏசியானா நிறுவனத்தை 2024 டிசம்பரில் தனதாக்கிக்கொண்டது. அங்குள்ள நியாய வர்த்தக ஆணைக்குழு மைல் இணைப்புத் திட்டத்தின் முதல் வரைவை ஏற்காமல் திருத்தச் சொன்னது. 2025 செப்டெம்பரில் வெளியான திருத்திய வரைவில், பறந்து சேர்த்த மைலுக்கு ஒன்றுக்கு ஒன்று. கடனட்டை போன்ற வழிகளில் சேர்த்ததற்கு ஒன்றுக்கு 0.82. ஏசியானா மைல்களைப் பத்து வருடம் வரை பழையபடி வைத்திருக்கலாம் என்றும் இருந்தது. அரசின் கண் விழித்திருந்த நாட்டிலேயே கடனட்டை மைலுக்கு வெட்டு விழுந்தது.

இனி மிகச் சாதாரணமான, ஆனால் நம்மவர்களுக்கு அதிகம் தொல்லை கொடுக்கும் ஒன்று: பெயர். கடவுச்சீட்டில் ஒரு எழுத்துக்கூட்டு, அங்கத்துவக் கணக்கில் வேறு எழுத்துக்கூட்டு. முஹம்மது என்ற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் ஐந்தாறு விதமாக எழுதுகிறோம். தகப்பன் பெயர் சில இடத்தில் முதலெழுத்தாக நிற்கும், சில இடத்தில் முழுதாக வரும். தமிழர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. சாதாரண காலத்தில் இது பெரிதாகத் தெரியாது. இரண்டு திட்டங்கள் இணையும்போது கணினி பெயரையும் பிறந்த திகதியையும் மின்னஞ்சலையும் ஒப்பிட்டுத்தான் கணக்குகளைச் சேர்க்கும். பொருந்தாவிட்டால் புள்ளி நடுவில் தொங்கும். இணைப்புச் செய்தி காதில் விழுந்த அன்றே கணக்கில் உள்ள பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளபடி திருத்திக்கொண்டு, மீதிப் புள்ளியைக் காட்டும் பக்கத்தைப் படம் பிடித்து வைத்துவிட வேண்டும். பழைய தொலைபேசி இலக்கமும் கைவிட்ட மின்னஞ்சலும் கணக்கில் கிடந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும். பயணத்தில் விமானமேறும் அட்டையைப் புள்ளி கணக்கில் ஏறும்வரை எறிய வேண்டாம்; விடுபட்ட மைலைக் கேட்டு எழுதும்போது அதைத்தான் கேட்பார்கள்.

உம்ராவுக்குக் குழுவாகப் போகிறவர்கள் ஒரு கேள்வியை முகவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. குழுச் சீட்டுகளுக்கும் விசேட பொதிச் சீட்டுகளுக்கும் பெரும்பாலும் மைல் சேராது, சேர்ந்தாலும் மிகக் குறைவு. பணம் கட்டிய பின் அங்கத்துவ இலக்கத்தை நீட்டிப் பயனில்லை. “இந்தச் சீட்டு எந்தப் பதிவு வகுப்பு? என் இலக்கத்துக்கு மைல் விழுமா?” என்று கேளுங்கள். தனிச்சீட்டுக்கும் குழுச்சீட்டுக்கும் உள்ள விலை வித்தியாசம் சேரப்போகும் மைலைவிடப் பெரிதாக இருந்தால் குழுச்சீட்டையே எடுங்கள். புள்ளியைக் கொடுத்துச் சீட்டு எடுக்கும்போதும் விமான நிலைய வரியும் நிறுவனத்தின் மேலதிகக் கட்டணமும் கையிலிருந்து போகும். அந்தத் தொகையைச் சில நாட்களில் சாதாரணச் சீட்டின் விலையோடு ஒப்பிட்டால், புள்ளியைத் தொடாமல் விடுவதே மேல் என்று தெரியவரும். ஆனால் இணைப்புத் திகதி அறிவிக்கப்பட்டுவிட்ட திட்டத்தில் அப்படி விட்டுவைக்காமல், பழைய விலைப் பட்டியல் இருக்கும்போதே கையிலுள்ள புள்ளிக்கு வீட்டில் யாருக்காவது ஒரு சீட்டை எடுத்துவிடலாம்.