வீடு திரும்ப ஒன்பது நிமிடம்

ராக்கெட்டின் கூம்பு முனையை சைக்கிள் கேரியரில் வைத்து உருட்டிக்கொண்டு போகும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன் 1966இல் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் எடுத்தது. அதை எப்போது பார்த்தாலும் என் கண் அந்தக் கூம்பின் நுனியில்தான் போய் நிற்கும். காற்றைக் கிழித்துக்கொண்டு மேலே போகிற பொருள், அதனால் ஈட்டி போலக் கூராக இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து அதே தும்பாவின் விஞ்ஞானிகள் இன்னொரு மூக்கை வடிவமைத்தார்கள். அதில் கூர்மையே கிடையாது. அரை மீட்டர் ஆரத்தில், பானையின் அடிப்பாகம் போல உருண்டையாக, மழுங்கலாக இருந்தது. அது திரும்பி வருவதற்காகச் செய்த மூக்கு.

அந்த மூக்கைக் கொண்ட கலனின் பெயர் எஸ்.ஆர்.இ–1. விண்ணுக்குப் போனதைப் பத்திரமாக மீட்டெடுக்க முடியுமா என்று பார்ப்பதற்கான சோதனைக் கலன். எடை 550 கிலோ, உயரம் 1.6 மீட்டர், அடிப்பக்க அகலம் இரண்டு மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பெரிய கோயில் மணி. 2007 ஜனவரி 10ஆம் தேதி காலை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி–சி7 ராக்கெட் இதையும் கார்ட்டோசாட்–2 செயற்கைக்கோளையும், இந்தோனேசியா, அர்ஜென்டினா நாடுகளின் இரண்டு சிறிய செயற்கைக்கோள்களையும் சுமந்து கிளம்பியது. மற்ற மூன்றும் மேலேயே தங்கிவிட வேண்டியவை. இதற்கு மட்டும்தான் திரும்புகிற வேலை.

637 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களின் மேலாக, சுமார் 97 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பன்னிரண்டு நாளில் ஏறத்தாழ 175 முறை அது உலகை வலம் வந்தது. உள்ளே ஆள் இல்லை. எடையற்ற நிலையில் உலோகத்தை உருக்கிப் படிகமாக்கிப் பார்க்கும் ஒரு சிறு உலையும், நுண்படிகங்களை உண்டாக்கும் ஓர் உபகரணமும் இருந்தன. உலைச் சோதனையைத் தும்பாவின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து வடிவமைத்தன. அங்கே உறைந்த படிகம் எப்படி இருக்கிறது என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமானால், அது கீழே வந்தாக வேண்டும்.

அதுவரை சுற்றுப்பாதையிலிருந்து நாம் எதையும் திரும்பப் பெற்றதில்லை. 1963 நவம்பர் 21 அன்று தும்பா கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் ஏறியபோது, மேரி மக்தலேனா தேவாலயம்தான் ஆய்வாளர்களின் அலுவலகம். தங்கள் கோயிலையும் குடியிருந்த மண்ணையும் மீனவ மக்கள் விட்டுக்கொடுத்த இடம் அது. அங்கிருந்து வளர்ந்த அறிவுதான் பிறகு செயற்கைக்கோள்களை ஏற்றியது. ஏறியவை ஒன்று மேலேயே சுற்றின, அல்லது காலம் முடிந்ததும் காற்றில் எரிந்து போயின. ஏற்றுவதற்கு 43 ஆண்டு உழைத்த பிறகுதான் இறக்குவதற்குத் துணிந்தோம் என்பதை யோசித்தால், இறங்குவது எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

மேலே இருப்பது கீழே விழத்தானே செய்யும், அதில் என்ன கஷ்டம்? சிக்கல் உயரத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. பூமியைச் சுற்றும் கலன் நொடிக்கு ஏழரை, எட்டு கிலோமீட்டர் ஓடுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பத்து நொடிக்குள் போய்விடலாம். 550 கிலோ எடை அந்த வேகத்தில் ஓடும்போது அதற்குள் இருக்கும் ஆற்றலை மின்கட்டணக் கணக்கில் சொன்னால் சுமார் 4,900 யூனிட். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் செலவாகும் வீட்டில் நான்கு வருஷம் விளக்கு எரியும், மிக்சி ஓடும், மின்விசிறி சுற்றும். கலன் கடலைத் தொடும் முன் அத்தனையையும் எங்கேயாவது கொட்டித் தீர்த்தாக வேண்டும். மிச்சம் வைத்தால் மோதிச் சிதறும். கொட்டுகிற இடத்தில் பிசகினால் எரிந்து போகும்.

ராக்கெட்டை எதிர்த்திசையில் எரித்து நின்றுவிடலாமே என்று தோன்றும். அந்த வேகத்தை ஏற்றுவதற்கு என்ன தேவைப்பட்டது என்று பாருங்கள். 44 மீட்டர் உயரமும் சுமார் 295 டன் எடையும் கொண்ட பி.எஸ்.எல்.வி. அதில் பெரும்பகுதி எரிபொருள். அது கொண்டுபோய்ச் சேர்த்த சரக்கு மொத்தமே ஒன்றே கால் டன் சொச்சம். நிற்பதற்கும் அதே அளவில் எரிக்க வேண்டுமென்றால் அந்த எரிபொருளையும் மேலே சுமந்து போக வேண்டும், அதைச் சுமக்க இன்னும் எரிபொருள். கணக்கு எங்கும் முடியாது. ஆகவே ராக்கெட் செய்வது ஒரு சின்ன வேலைதான். வேகத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைக் குறைத்துப் பாதையை வளைத்துக் காற்றுக்குள் தள்ளிவிடும். மீதி அத்தனையும் காற்றின் பொறுப்பு.

இங்கேதான் அந்த மழுங்கல் மூக்கு வேலை செய்கிறது. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜூலியன் ஆலன், ஆல்ஃபிரட் எகர்ஸ் என்ற இருவர் யாரும் எதிர்பாராத முடிவுக்கு வந்தார்கள். அதிவேகத்தில் காற்றுக்குள் நுழையும் பொருளுக்குக் கூர்முனை ஆகாது, அதன் முகம் அகலமாகவும் மொட்டையாகவும் இருக்க வேண்டும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவது நமக்குத் தெரியும். அழுத்தப்பட்ட காற்று சூடாகிறது. விண்ணிலிருந்து வரும் கலனுக்கு முன்னாலும் நடப்பது பெரும்பாலும் இதுதான். விலகிப் போக நேரம் கிடைக்காமல் காற்று நெரிந்து, கொதித்து, ஒளிவிடுகிறது. மூக்கு கூராக இருந்தால் அந்தக் கொதிப்பு முனையை ஒட்டியே நிற்கும், முனை உருகும். மழுங்கலாக இருந்தால் காற்று முன்னால் குவிந்து ஒரு மெத்தை போலத் தள்ளி நிற்கும். கனமான தோணியின் அகன்ற முகப்புக்கு முன்னால் தண்ணீர் மேடாகத் திரண்டு ஓடுவதைக் காயலில் பார்க்கலாம், அதுபோல. வெப்பத்தின் பெரும்பங்கு கலனைத் தொடாமல், அந்தக் காற்றோடு பக்கவாட்டில் வழிந்து பின்னால் போய்விடுகிறது.

தொடுகிற சிறுபங்கே இரும்பை உருக்கப் போதும். அதற்குத்தான் கவசம். எஸ்.ஆர்.இ–1 இரண்டு விதக் கவசம் அணிந்திருந்தது. மூக்கில் கார்பன் ஃபினாலிக் என்ற பொருள். அது தானே கருகி, ஆவியாகி உதிர்ந்துகொண்டே வெப்பத்தைத் தன்னோடு எடுத்துப் போகும். உடலைச் சுற்றிலும் சிலிக்கா ஓடுகள். ஓடு என்றதும் நம் வீட்டுக் கூரை ஓட்டை நினைத்துக்கொண்டால் தப்பு. இது பூப்போல லேசானது. மணலில் உள்ள அதே சிலிக்காவை மெல்லிய இழைகளாக்கி, பின்னிக் கெட்டியாக்கியது. அமெரிக்க விண்ணோடங்களில் ஒட்டியிருந்த இந்த வகை ஓட்டில் பத்தில் ஒன்பது பங்கு வெறும் இடைவெளிதான். உலையிலிருந்து செக்கச் சிவக்க எடுத்த ஓட்டின் மூலைகளை வெறும் விரலால் பிடித்துக் காட்டுவார்கள். நடுவில் தணல் போல ஒளிர்ந்துகொண்டிருக்கும், விரல் சுடாது. இழைகளுக்கு நடுவே வெப்பம் நகர வழி இல்லை. எஸ்.ஆர்.இ–1இன் ஓடுகளைத் திருவனந்தபுரத்தில் நம்மவர்களே உருவாக்கினார்கள்.

கவசத்தில் ஒரு குறை இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் அறிந்தே இருந்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு முன்புதான், 2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லாவும் ஆறு தோழர்களும் கொலம்பியா விண்ணோடத்தில் பூமியை 255 முறை சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஜனவரி 16இல் புறப்படும்போதே எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைக்கட்டி ஒன்று இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்து ஓட்டை போட்டிருந்தது. பதினாறு நாள் விண்வெளியில் அந்த ஓட்டை எதுவும் செய்யவில்லை. காற்றுக்குள் நுழைந்ததும் கொதிக்கும் வாயு அதன் வழியே இறக்கைக்குள் புகுந்தது. தரையிறங்கப் பதினாறு நிமிடம் இருக்கையில் ஓடம் உடைந்தது. ஹரியானாவின் கர்னாலில் பிறந்த அந்தப் பெண்ணுக்காக அன்று நாடே அழுதது. எனக்கு இன்றும் அந்தப் பதினாறு நிமிடத்தைக் கடந்து போக முடிவதில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு 2007 ஜனவரி 22, திங்கட்கிழமை காலைக்கு வாருங்கள். பெங்களூரு கட்டுப்பாட்டு மையத்தோடு லக்னோ, ஸ்ரீஹரிகோட்டா, இந்தோனேசியாவின் பியாக், கனடாவின் சாஸ்கட்டூன், நார்வேயின் ஸ்வால்பார்டு நிலையங்கள் காது கொடுத்திருக்கின்றன. வங்கக் கடலில் கடலோரக் காவல் படையும் கடற்படையும் கப்பல்களோடு காத்திருக்கின்றன. அன்று இஸ்ரோவின் தலைவர் குமரி மாவட்டம் குலசேகரத்தில் பிறந்த ஜி. மாதவன் நாயர். தும்பா மையத்தின் இயக்குநர் பி.என். சுரேஷ்.

8.42க்குக் கலன் திரும்பத் தொடங்குகிறது. 9.00 மணிக்கு அதன் சிறு ராக்கெட்டுகள் பற்றி, பத்து நிமிடம் எரிகின்றன. 9.17க்கு மூக்கைச் சரியான பக்கம் காட்டிக்கொள்கிறது. காற்றுக்குள் நுழையும் கோணம் முக்கியம். தும்பாவில் கரையேறும் படகுகளைக் கவனித்தால் தெரியும். மீன்பாரத்தோடு வரும் படகை அலை உடையும் இடத்துக்கு வெளியே கொஞ்சம் நிறுத்தி, தோதான அலை வரும்வரை பொறுத்து, அதன் முதுகில் நேராக ஏற்றிக் கொண்டுவருவார்கள். சற்று குறுக்கே திரும்பினாலும் புரண்டுவிடும். விண்ணிலிருந்து வருவதற்கும் அப்படி ஒரு வாசல் உண்டு. மிகச் செங்குத்தாக நுழைந்தால் வேகம் சட்டென்று குறையும், அந்த அதிர்ச்சியிலும் வெப்பத்திலும் கலன் நொறுங்கும். மிகச் சாய்வாக நுழைந்தால் காற்று சரியாகப் பிடிக்காது, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ போய்விடும்.

9.37க்கு, 100 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் எஸ்.ஆர்.இ–1 காற்றுக்குள் நுழைந்தது. ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு வந்தபோது வேகம் நொடிக்கு 101 மீட்டர். அந்த 4,900 யூனிட்டைத் திரும்பக் கணக்குப் போட்டால், வேகத்தில் ஒரு யூனிட்கூட மீதி இல்லை. அதுவரை பாரசூட் விரியவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மழுங்கல் மூக்கும் காற்றுமே முடித்துவிட்டன. பிறகு சிறு பாரசூட்டுகள் வேகத்தை 47 மீட்டராக்கின. இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் பெரிய பாரசூட் விரிந்தது. 9.46க்கு நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில், ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் கடலைத் தொட்டு, மிதவைகள் விரிய, அலைமேல் ஆடிக்கொண்டு நின்றது. பன்னிரண்டு நாள் பயணத்தின் வேகமெல்லாம் ஒன்பது நிமிடத்தில் கரைந்திருந்தது.

நொடிக்கு 12 மீட்டர் என்பது இரண்டு மாடி வீட்டின் உச்சியிலிருந்து தண்ணீரில் குதிக்கும் வேகம். கருவிகளுக்குப் போதும், மனிதருக்கு அது அடி. அதனால்தான் அடுத்த படிகள். 2014 டிசம்பர் 18இல் 3,775 கிலோ எடையுள்ள மனிதர் அமரும் கூண்டை 126 கிலோமீட்டர் உயரத்தில் விடுவித்து, 31 மீட்டர் அகலப் பாரசூட்டில் அந்தமான் கடலில் இறக்கினார்கள். அதில் யாரும் அமரவில்லை. மனிதரை ஏற்றிச் செல்வதற்கான ககன்யான் கலனுக்கு இப்போது நான்கு வகையில் பத்துப் பாரசூட்டுகள். பெரியவை மூன்று. இரண்டு விரிந்தாலே பத்திரமாக இறங்கலாம், மூன்றாவது கைவிடாமல் இருப்பதற்கு.

அந்தக் கலனில் போவதற்குத் தேர்வான நால்வரின் பெயரை 2024 பிப்ரவரி 27இல் தும்பாவில் வைத்துத்தான் அறிவித்தார்கள். பாலக்காட்டு நென்மாறையின் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. அவர்களில் சுக்லா 2025 ஜூன் 25இல் அமெரிக்க விண்கலம் ஒன்றில் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குப் போய், ஜூலை 15 அன்று கலிஃபோர்னியாவின் சான் டியாகோவுக்கருகே கடலில் இறங்கினார். மழுங்கல் முகமும் கருகும் கவசமும் பாரசூட்டும் அவரையும் கொண்டுவந்து சேர்த்தன.

கலன் கடலைத் தொட்டதும் அதன் பயணம் முடிகிறது. உள்ளே இருந்த உடம்புக்கு இன்னும் பாதி வழி பாக்கி. உள்காதில் உள்ள சமநிலை உறுப்புகள் எது மேல், எது கீழ் என்பதையே மறந்திருக்கும். தலைக்கு ஏறியிருந்த ரத்தம் மறுபடி காலுக்கு இறங்கும்போது எழுந்து நின்றால் கண் இருட்டும். மாதக்கணக்கில் தங்குவோருக்கு மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எலும்புச் சத்து கரைந்திருக்கும். சுனிதா வில்லியம்ஸ் போல 286 நாள் இருந்துவிட்டு வருவோருக்குத் தேறுவதற்கே நாள் பிடிக்கும். சுக்லா இருபது நாள்தான் விண்வெளியில் இருந்தார். திரும்பிய புதிதில் கைப்பேசி கையில் கனத்ததாம். படுக்கையில் உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை பார்த்தவர், முடித்ததும் அதை மூடி, கட்டிலுக்கு வெளியே காற்றில் மெதுவாகத் தள்ளிவிட்டார். அங்கேயே மிதந்து நிற்கும் என்று கை நம்பியிருந்தது. தரையில் கம்பளம் விரித்திருந்ததால் லேப்டாப் தப்பியது.