'வெரி' என்னும் சொல்லும் அதன் மெய்ப்பொருளும்

ஆங்கிலத்தில் மிகுதி உணர்த்தும் அடைகளுள் நாம் முதற்கண் கற்பது 'வெரி' என்பதாகும். 'மிக' என்பதே அதன் பொருளென மனனம் செய்து அமைகிறோம். அதன் பிறப்போ வேறு. 'உண்மையான' எனப் பொருள்படும் 'வேருஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல், தொடக்கத்தில் 'மெய்யான' என்றே பொருள் தந்தது. மெய்யாகவே நல்லது என்பது நாளடைவில் மிக நல்லது என நெகிழ்ந்தது. பழம்பொருளின் எச்சம் இன்றும் உண்டு. 'தி வெரி மேன்' என்பதற்கு 'அதே மனிதன்' என்பதே பொருள்.

இதன் உடன்பிறப்பாகிய 'வெரிலி' அவ்வாறு மாறாமல் மெய்ம்மைப் பொருளிலேயே நின்றுவிட்டது. இவ்வேறுபாடு நம்மவர்க்கு இன்றியமையாதது. 1930களில் திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்த அப்துல்லாஹ் யூசுஃப் அலீ, 'இன்ன' என்னும் அரபு இடைச்சொல்லுக்குப் பல இடங்களில் 'வெரிலி' என்பதையே ஆள்கிறார். தமிழாக்கங்களில் 'நிச்சயமாக' என வருவதும் அதுவே. ஒலியொப்புமை கண்டு அதனை 'மிகவும்' எனக் கொள்வது பெரும்பிழை. இறைவன் மன்னிப்பவன் என்னும் தொடரின்முன் 'இன்ன' நிற்குங்கால், மன்னிப்பின் அளவை அது கூறவில்லை. அதில் ஐயமில்லை என்றே உறுதி கூறுகிறது. மிகுதியைச் சுட்டும் பணி, 'கஃபூர்' என்னும் பெயரின் சொல்லமைப்பிலேயே அடங்கியுள்ளது. இரண்டையும் ஒன்றாக்கினால் இறைவாக்கின் உறுதிப்பாடு மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும்.

இனி வழக்கு. நம் 'மிக' என்பது 'மிக நல்ல' எனப் பெயரடையையும் 'மிக விரும்பினான்' என வினையையும் ஒருங்கே தழுவும். 'வெரி' வினையைத் தனித்துத் தழுவாது. 'வெரி மச்' எனத் துணைகொண்டே வரும். 'ஐ வெரி லைக்' என எழுதும் மாணவர் தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதுகிறார். ஒப்புமைச் சொற்களோடும் இது பொருந்தாது. 'மச் பெட்டர்' என்பதே மரபு.

'டூ' என்பதை 'வெரி'க்கு மாற்றாக ஆள்வோர் பலர். மிகுதி வேறு, மிகை வேறு என்று தமிழ் பயில்வோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. தேநீர் 'வெரி ஹாட்' என்றால் சுவைத்துப் பருகலாம். 'டூ ஹாட்' என்றால் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தம்மை 'டூ குவாலிஃபைட்' என எழுதினால், இப்பணிக்கு வேண்டியதற்கு மேற்பட்ட தகுதியுடையேன் என்றே படிப்பவர் கொள்வார்.