வாலால் திரும்பும் படகு

இங்கிலாந்தின் கால்வாய்ப் படகைப் பார்த்தால், ரயில் பெட்டி ஒன்று தண்ணீரில் இறங்கிவிட்டதோ என்று தோன்றும். நீளம் 22 மீட்டர் வரை போகும். அகலமோ 2 மீட்டருக்குச் சற்றே அதிகம். 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி, படகை மேட்டில் ஏற்றி இறக்கும் ‘லாக்’ தொட்டிகளைச் சுமார் 7 அடி அகலத்தில் கட்டினார். தொட்டியின் அளவே படகின் அளவானது. அன்று கரையில் நடந்த குதிரை இழுத்தது. இன்று டீசல் எஞ்சின்.

ஓட்டுபவர் பின்முனையில் நின்று சுக்கான் தடியைப் பிடிப்பார். தடியை வலப்பக்கம் தள்ளினால் படகின் மூக்கு இடப்பக்கம் போகும். இது கைக்குச் சீக்கிரம் பழகிவிடும். பழகாதது வேறொன்று: படகு தன் நடுப்பகுதியை அச்சாக வைத்துச் சுழல்கிறது. மூக்கு இடப்பக்கம் போனால் வால் வலப்பக்கம் வீசும். வளைவில் மூக்கை மட்டும் பார்ப்பவர் வாலைக் கரையில் இடிப்பார்.

பின்விசிறி தள்ளும் தண்ணீர் தன் மீது பாய்ந்தால்தான் சுக்கான் நன்றாக வேலை செய்யும். பயந்துபோய் நியூட்ரலுக்கு மாற்றினால் படகு சொன்னபடி கேட்காது. பிரேக் கிடையாது, ரிவர்ஸ்தான் பிரேக். பெரிய படகு 15 டன்னுக்கு மேல் இருக்கும், நிற்க நேரமெடுக்கும். வேக வரம்பே மணிக்கு சுமார் 6.5 கிலோமீட்டர்தான், விறுவிறு நடை.

கரை சேர்வதும் இதே நிதானத்தில்தான். ஓரங்களில் ஆழம் குறைவு. விசிறி சேற்றில் சிக்காமலிருக்க, மூக்கைச் சற்றே சாய்த்து முதலில் கரைக்குக் கொண்டுவந்து, ரிவர்ஸ் போட்டு நிறுத்துவார்கள். பிறகு கூரை நடுவிலிருந்து வரும் கயிற்றைப் பிடித்தபடி கரையில் கால் வைக்க வேண்டும், தாவக் கூடாது. இடிக்க வரும் படகைக் காலால் தடுத்தால் எலும்பு முறியும்.

அடுத்து, மாட்டுக்கு அடிப்பதுபோல் இரும்பு முளை அடித்து, முன்கயிற்றை முன்புறமாகவும் பின்கயிற்றைப் பின்புறமாகவும் சாய்த்துக் கட்டுவார்கள். இன்னொரு படகு வேகமாகக் கடந்தால் தண்ணீர் இழுக்கும், கயிறு முறுக்கேறும், ஈர மண்ணில் முளை அசைந்து பிடுங்கிக்கொள்ளும். நின்றிருக்கும் படகைக் கடக்கையில் வேகத்தைக் குறைப்பது இதனால்தான்.

லாக் தொட்டிக்குள் மட்டும் முடிச்சே போடக் கூடாது. தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்கும்; முடிச்சு இறுகினால் படகு கயிற்றில் தொங்கிக் கவிழும். தூணில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, தண்ணீர் கேட்குமளவுக்கு விட்டுக்கொண்டே நிற்க வேண்டும்.